ஓரத்து இருக்கை: ஒரு சிறு மெதடிஸ்ட் சபையின் கோடைக்காலம்

பெரியவர் தொடர்ந்து மூன்று ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லை. நான்காவது வாரம் திங்கட்கிழமைதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. அந்த மூன்று வாரமும் அவர் வீட்டில்தான் இருந்திருக்கிறார், உடம்பு முடியாமல்.

எங்கள் சபை சின்னது. பண்டிகை என்றால் 60 பேர் வருவார்கள், சாதாரண ஞாயிறில் 40 பேர். யார் எந்த வரிசையில் உட்காருவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். இடதுபக்கம் மூன்றாவது வரிசையில் ஓரத்து இருக்கை பெரியவருடையது. அவ்வளவு சிறிய இடத்தில் அந்த இருக்கை மூன்று வாரம் காலியாகக் கிடந்தும் யார் கண்ணையும் அது உறுத்தாமல் போனது எப்படி? சபைப் பதிவேட்டை எழுதுகிறவன் நான். முதலில் பதில் சொல்லவேண்டியவனும் நான்தான். போதகரும் சபைக் குழுவும் நடந்ததை முழுதாக எழுதி வைக்கச் சொன்னார்கள். பெரியவரிடம் கேட்டேன். “பேர் போடாம எழுது தம்பி. மத்த சபைக்காரங்களுக்கு உதவட்டும்” என்றார்.

நடந்தது

பள்ளிகள் மூடிய அந்த வாரமே எங்கள் சபை பாதியாகிவிடும். குடும்பங்கள் பயணம் கிளம்பும். சிலர் பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போவார்கள். அந்தக் கோடையில் நாங்கள் நான்கு முடிவுகள் எடுத்தோம். ஆசிரியர்களில் பாதிப்பேர் ஊரில் இல்லாததால் ஓய்வுநாள் பள்ளியை நிறுத்தினோம். பாடற்குழுவுக்கு விடுமுறை விட்டோம். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தை, வெயில் தணியட்டும் என்று ஒத்தி வைத்தோம். போதகர் நான்கு வாரம் விடுப்பில் போனார், பிரசங்கத்தைச் சபைப் பிரசங்கியார்கள் முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

இதில் எந்த முடிவையும் நான் குறை சொல்லவில்லை. வருடம் முழுக்க மரண வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் ஓடுகிற போதகருக்கு ஓய்வு வேண்டும். சாப்பிடக்கூட நேரமில்லாமல் இருந்த சீஷர்களைத் தனியே போய்ச் சற்று இளைப்பாறலாம் வாருங்கள் என்று ஆண்டவரே அழைத்ததை மாற்கு 6-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஒவ்வொரு முடிவும் தனியாகப் பார்த்தால் சரியானதுதான். ஆனால் பெரியவரின் பக்கமிருந்து பாருங்கள். மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு மனப்பாட வசனம் சொல்லிக்கொடுப்பவர் அவர். பாடற்குழுவில் கீழ்க்குரலுக்கு இருந்த ஒரே ஆள் அவர். புதன்கிழமைகளில் அரைமணி நேரம் முன்னதாகவே வந்து கதவைத் திறந்து, பாய் விரித்து, விளக்கைப் போட்டு வைப்பார். அவரைச் சபையோடு கட்டியிருந்த கயிறுகள் எல்லாவற்றையும் நாங்கள் ஒரே வாரத்தில் அவிழ்த்துவிட்டோம். மிஞ்சியது ஞாயிறு ஆராதனை ஒன்றுதான். எல்லாரும் இல்லாத காலத்தில் ஒருவர் இல்லாதது தெரியாத இடமும் அதுதான்.

முதல் ஞாயிறு அவரைக் காணோம். “மகன் வீட்டுக்குப் போயிருப்பார்” என்று யாரோ சொன்னார்கள். அடுத்த வாரம் அதே வார்த்தையை நானே இன்னொருவரிடம் சொன்னேன். மூன்றாவது வாரம் “மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார்” என்று ஆகிவிட்டது. ‘போயிருப்பார்’ எப்போது ‘போயிருக்கிறார்’ ஆனது என்று பிறகு உட்கார்ந்து யோசித்தோம். யாராலும் சொல்ல முடியவில்லை. அவர் போவதாக யாரிடமும் சொல்லவே இல்லை.

சபையில் பண்டபாத்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒருவர் கூடத்துச் சாவி வாங்க அவர் வீட்டுக்குப் போனார். கதவு தட்டி வெகுநேரம் கழித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து திறந்தாராம். முதலில் காய்ச்சல், அது விட்டதும் தலைச்சுற்றல். பக்கத்து வீட்டார் இரண்டு நாளைக்கு ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கிறார்கள். அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போனோம். உடம்பில் நீர்ச்சத்து வெகுவாகக் குறைந்திருந்தது. இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

ஏன் ஒரு போன்கூடப் பண்ணவில்லை என்று அக்கா அழுதுகொண்டே கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். “எல்லாரும் ஊருக்குப் போயிருப்பீங்கன்னு நெனச்சேம்மா. லீவுல எதுக்குத் தொந்தரவுன்னு இருந்துட்டேன்.”

அவர் ஊரில் இல்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். நாங்கள் ஊரில் இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நடுவில் நடந்துபோகிற தூரம்தான்.

வெயிலும் தனிமையும்

இது ஏதோ எங்கள் சபையின் கவனக்குறைவு மட்டும் என்று முதலில் நினைத்தேன். மருத்துவர் சொன்னதைக் கேட்டபிறகுதான் இதன் கனம் புரிந்தது. வயதாக ஆகத் தாகம் எடுப்பதே குறைந்துவிடும். உடம்பு காய்ந்துகொண்டிருக்கும், நாக்கு தண்ணீர் கேட்காது. வியர்ப்பதும் குறைவதால் உடம்புச் சூடு வெளியேறுவது கடினம். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சில மாத்திரைகள் சிறுநீரைக் கூட்டி நீரை வெளியேற்றும். பெரியவரும் அப்படி ஒரு மாத்திரைதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்க இன்னொரு ஆள் வீட்டில் இருந்தாலே பாதி ஆபத்து போய்விடும். அவர் வீட்டில் அந்த ஆள் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது.

1995 ஜூலையில் சிகாகோவில் அடித்த வெப்ப அலையில் 700-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப்பின் நடந்த ஆய்வில், தனியாக வாழ்ந்தவர்களுக்கும் தினமும் வீட்டைவிட்டு வெளியே போகாதவர்களுக்கும் ஆபத்து கூடுதலாக இருந்தது தெரிந்தது. நண்பர்களும் நாலுபேர் கூடும் இடங்களில் பழக்கமும் உள்ளவர்களுக்கு அது குறைவாக இருந்தது. 2003 ஆகஸ்டில் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர் வெயிலுக்குப் பலியானார்கள், பெரும்பாலும் முதியவர்கள். நாடே விடுமுறையில் இருந்த மாதம் அது. கேட்டு வர யாருமில்லாமல் கிடந்த 57 பேரின் உடல்களைச் செப்டம்பர் 3-ஆம் தேதி பாரீசுக்கு வெளியே ஒரு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். குடியரசுத் தலைவர் சிராக் அந்த அடக்கத்துக்கு வந்திருந்தார்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வெயிலில் ஒரு முதியவரைக் காப்பவற்றில் ஒன்று நாலுபேரோடு கூடும் வாரக் கூட்டம். வெயில் வந்ததும் நாங்கள் முதலில் மூடியது அதைத்தான்.

பதிவேட்டில் இல்லாதது

பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த மூன்று ஞாயிறுகளுக்கு நேராக 21, 18, 22 என்று என் கையெழுத்தில் இருந்தது. காணிக்கைத் தொகை இருந்தது. வேதபாடமும் பாட்டு எண்களும் இருந்தன. ஒரு பெயர்கூட இல்லை. மூன்றாவது ஞாயிறு 22 என்று எழுதும்போது, போன வாரத்தைவிட நான்கு பேர் கூடுதல் என்று சந்தோஷப்பட்டது நினைவிருக்கிறது.

லூக்கா 15-ல் நூறு ஆடுகளை உடைய மேய்ப்பனைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அவன் தேடிப் போனது, தோளில் போட்டுக்கொண்டு வந்தது, அயலாரைக் கூப்பிட்டுச் சந்தோஷப்பட்டது, எல்லாம் பேசுவோம். தேடிப் போவதற்கு முன்னால் ஒன்று குறைகிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறதே, அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. 99 ஆடு கண்முன் நிற்கும்போது அந்த ஒன்று எது என்பதும் தெரியவேண்டும். நான் எழுதி வைத்தது மந்தையின் எண்ணிக்கை மட்டும்.

பிரிஸ்டல், 1742

நாங்கள் மெதடிஸ்ட்கள். இந்த விஷயத்தில் எங்கள் முன்னோர் எங்களைவிட வெகு கவனமாக இருந்தார்கள் என்பதால் அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

1742 பிப்ரவரி 15 அன்று இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஒரு கூட்டம் நடந்தது. 1739-ல் கட்டத் தொடங்கிய கூட்டக் கட்டடத்தின் கடனை எப்படி அடைப்பது என்பதுதான் பேச்சு. ஃபாய் என்ற கப்பல் கேப்டன், ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுத்தால் கடன் தீரும் என்றார். பலர் ஏழைகள், அவர்களால் முடியாதே என்று ஒருவர் கேட்டார். அதற்கு ஃபாய், மிகவும் ஏழைகளான 11 பேரை என்னிடம் விடுங்கள், வாரவாரம் அவர்களைப் போய்ப் பார்க்கிறேன், அவர்களால் முடியாததை நானே போடுகிறேன், நீங்களும் ஆளுக்கு 11 பேரை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அப்படியே செய்தார்கள். பணம் வாங்க வீடுவீடாகப் போனவர்கள் திரும்பி வந்து, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியிடம் வேறு கதைகள் சொன்னார்கள். ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை, இன்னொரு வீட்டில் ஆள் குடித்துக் கிடக்கிறார். இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்தது இதுதான் என்று வெஸ்லிக்கு உடனே பட்டது. கடன் தீர்க்க வந்த ஏற்பாடு ஆத்துமாவைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடாக மாறியது. மெதடிஸ்ட் வகுப்புக் கூட்டம் பிறந்தது இப்படித்தான்.

பிற்காலத்து வகுப்புத் தலைவர்கள் வைத்திருந்த புத்தகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அதில் பெயர்ப் பட்டியல் உண்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வாரவாரம் ஒரு குறி. வந்தவருக்கு ஒரு குறி என்றால் வராதவருக்குப் பல குறிகள்: ஊரில் இல்லை, நோய், வேலை, அசட்டை. காரணம் தெரியாவிட்டால் அதற்கும் தனிக் குறி. ‘காரணம் தெரியவில்லை’ என்பதை ஒரு விவரமாக மதித்துக் குறித்து வைத்தவர்கள் நம் முன்னோர். அந்தக் குறி ஒரு பெயருக்கு நேரே இரண்டு வாரம் விழுந்தால் தலைவரால் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. எங்கள் பதிவேட்டில் அந்தக் குறி ஒன்று இருந்திருந்தால் பெரியவர் வீட்டுக் கதவை ஒரு வாரம் முன்னதாகவே தட்டியிருப்போம்.

மீதிக் கோடை

போதகர் திரும்பி வரும்வரை காத்திருக்கவேண்டாம் என்று முடிவெடுத்தோம். அதற்கும் எங்கள் வீட்டுக்குள்ளேயே முன்னுதாரணம் உண்டு. 1711-12 குளிர்காலத்தில் ஜான் வெஸ்லியின் தகப்பனாரான போதகர் சாமுவேல் வெஸ்லி லண்டனில் இருந்தபோது, அவர்களுடைய ஊரான எப்வொர்த்தில் ஜானின் தாய் சூசன்னா வெஸ்லி பிள்ளைகளோடு நடத்திய ஞாயிறு மாலைக் குடும்ப ஜெபத்துக்கு ஊர்க்காரர்கள் வரத் தொடங்கி, 200 பேர்வரை கூடினார்கள். உதவிப் போதகர் புகார் எழுத, நிறுத்திவிடு என்று கணவரிடமிருந்து கடிதம் வந்தது. அப்படியானால் தெளிவான கட்டளையாகவே எழுதி அனுப்புங்கள் என்று அந்த அம்மா பதில் எழுதினார். அப்போது ஜானுக்கு எட்டு வயது.

சபைப் பட்டியலை ஆறாகப் பிரித்தோம். ஊரில் இருக்கிற ஆறுபேர் ஆளுக்கு ஒரு பங்கை எடுத்துக்கொண்டோம். வாரம் ஒருமுறை பார்ப்பது, முடியாவிட்டால் போனில் பேசுவது. பழைய வகுப்புகளின் கேள்வியையே கேட்போம் என்றோம்: உங்கள் ஆத்துமா எப்படி இருக்கிறது?

முதல் வாரம் அந்தக் கேள்வி யாரிடமும் எடுபடவில்லை. கேட்டதும் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமைக் குரலில் “கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கேன்” என்றார்கள். அதற்குமேல் பேச்சு நகரவில்லை. சபைப் பிரசங்கியார் ஒருவர் வெஸ்லி 1786-ல் நோயாளிகளைச் சந்திப்பதைப் பற்றி எழுதிய பிரசங்கத்தை எடுத்துக் காட்டினார். முதலில் வெளி நிலைமையைக் கேளுங்கள் என்கிறார் வெஸ்லி. சாப்பாட்டுக்கு இருக்கிறதா, உடுத்த இருக்கிறதா, அடுப்பெரிக்க இருக்கிறதா. அப்புறம்தான் ஆத்துமா. ஆள் விட்டு உதவி அனுப்புவது நேரில் போய்ப் பார்ப்பதற்கு ஈடாகாது என்றும் அதே பிரசங்கத்தில் சொல்கிறார். ஏழைகள்மேல் பணக்காரருக்கு இரக்கம் குறைவாக இருப்பதற்கு ஒரு பெரிய காரணம், ஏழைகள் வீட்டுக்கு அவர்கள் போவதே அரிது என்பதுதானாம். நாங்கள் அந்தக் கோடை முழுக்க வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஒரு வசனம் அனுப்பிக்கொண்டிருந்தோம். பெரியவரின் போனில் வாட்ஸ்அப் இல்லை.

இரண்டாவது வாரத்திலிருந்து தூக்கம் வருகிறதா, தண்ணீர் குடிக்கிறீர்களா, மாத்திரை இருக்கிறதா என்று ஆரம்பித்தோம். கதவுகள் திறந்தன. அப்படித் திறந்த ஒரு வீட்டைப் பற்றி எழுதியே ஆகவேண்டும்.

இரண்டு பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பம். அவர்களும் விடுமுறைக்குப் போயிருப்பதாகத்தான் நினைத்திருந்தோம். அவர்கள் எங்கும் போகவில்லை. அந்த வருடம் போக வசதியில்லை. ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது ஒவ்வொருவரும் “இந்த லீவுக்கு எங்கே போறீங்க?” என்று கேட்கிறோம், அல்லவா? அன்பாகத்தான் கேட்கிறோம். மூன்றாவது ஆள் கேட்டபோது பெரிய பிள்ளையின் முகம் வாடிவிட்டதாம். அடுத்த ஞாயிறிலிருந்து அவர்கள் வரவில்லை. ஒரு சபையின் வாசலில் கேட்கப்பட்ட சாதாரணக் கேள்வி ஒரு குடும்பத்தை ஐந்து வாரம் ஆராதனைக்கு வரவிடாமல் செய்திருக்கிறது. பெரியவருக்கு நடந்ததற்காவது வயதையும் வெயிலையும் சொல்லலாம். இதற்கு அப்படி எதையும் சொல்ல முடியவில்லை. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டபோது எனக்குக் குரல் வரவில்லை. அவரே “விடுங்கண்ணே” என்று சொல்லித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சங்கீதம் 32-ல் தாவீது, பாவத்தை மறைத்து அடக்கி வைத்திருந்த நாட்களில் தன் சாரம் உஷ்ணகால வறட்சிபோல வறண்டுபோனதாகச் சொல்கிறார். கோடையை இதற்கு ஏன் உவமையாக எடுத்தார் என்பது இப்போது எனக்குக் கொஞ்சம் விளங்குகிறது. அந்தக் குடும்பம் மறைத்து வைத்திருந்தது பாவம் அல்ல, வெறும் பணக்கஷ்டம். ஆனாலும் சொல்ல முடியாமல் அடக்கி வைத்தது அவர்களை அப்படித்தான் காயவைத்திருந்தது.

சபைக் குழுவில் வந்த வாக்குவாதம்

எல்லாரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. இளைஞர் ஒருவர் நேராகவே கேட்டார்: “அண்ணே, இது அக்கறையா, வேவு பார்க்கிறதா?” ஒரு தாய், வீட்டுக்கு வரவேண்டாம், போனில் பேசுங்கள் போதும் என்று சொல்லிவிட்டார். எனக்கு முதலில் வருத்தமாக இருந்தது. ஆனால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1742-ல் வீடுவீடாகப் போனவர்கள் கொண்டுவந்ததும் குற்றப் பட்டியல்தானே. அந்த ஏற்பாடும் அதே வடிவில் நிலைக்கவில்லை. தலைவர்களுக்கு நேரம் போதவில்லை. எஜமான் வீட்டில் தங்கியிருந்தவர்களிடம் தனியாகப் பேச முடியவில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தால் இருவரையும் ஒன்றாக வைத்துப் பேச வழியில்லை. அதனால்தான் வீட்டுச் சந்திப்பு, எல்லாரும் ஓரிடத்தில் கூடும் வாரக் கூட்டமாக மாறியது.

நாங்கள் கடைசியில் வைத்துக்கொண்டது இவ்வளவுதான். வரவேண்டாம் என்றால் போகமாட்டோம். கேட்டதைக் குழுவில் பேசமாட்டோம், அவர்களே பேசச் சொன்னால் தவிர. ‘அசட்டை’ என்ற குறியை எடுத்துவிட்டோம். இந்தக் கடைசி முடிவைப் பற்றி எனக்கு இன்னும் மனம் முழுதாகச் சமாதானமாகவில்லை. ஒரு சகோதரனின் விசுவாசம் தளர்கிறது என்று தெரிந்தும் அதற்குப் பெயர் வைக்கப் பயப்படுவதும் அன்புக் குறைவுதான். ஆனால் அந்தக் குறியைப் போடும் அளவுக்கு ஒருவரையொருவர் நாங்கள் இன்னும் அறிந்திருக்கவில்லை. அதனால் இப்போதைக்கு அது வேண்டாம்.

ஜெபக்கூட்டத்தை மறுபடி தொடங்கினோம். வெயில் சாய்ந்தபின், வெளியே, மர நிழலில். முதல் புதன் ஏழுபேர் வந்தார்கள். பாய் விரிக்க ஆள் இல்லாமல் எல்லாரும் நின்றபோதுதான் அந்த வேலையை யார் செய்துகொண்டிருந்தார் என்பது பிள்ளைகளுக்கும் தெரிந்தது. அன்று 121-ஆம் சங்கீதம் வாசித்தோம். வாசிப்பு முடிந்ததும் ஒரு சிறுமி எழுந்து, தாத்தா சொல்லிக்கொடுத்தது என்று அதைப் பார்க்காமல் முழுவதும் சொன்னாள்.

இந்த ஆண்டு

பெரியவர் உடம்பு தேறி வந்ததும் அவரை யார் கவனிப்பது என்று பேசினோம். கவனிக்கப்படுவது அவருக்குப் பிடிக்கவில்லை. “என் பங்குக்கும் ஆறு பேர் குடுங்க” என்றார். கொடுத்தோம். சனிக்கிழமை காலை ஒவ்வொருவராக அழைத்துப் பேசுகிறார். அவர் பட்டியலில் அந்த இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பமும் இருக்கிறது. பெரிய பிள்ளை சில வாரங்களில் அவருக்கு முன்பாகவே அழைத்துவிடுகிறதாம்.

பதிவேடு இப்போது தடிமனாகிவிட்டது. பக்கம் பக்கமாகப் பெயர்கள், பெயருக்கு எதிரே குறிகள். எழுதக் கால்மணி நேரம் கூடுதலாகிறது. இந்தக் கோடையிலும் ஆராதனைக்கு வருகிறவர்கள் பாதிதான். போதகர் இந்த வருடமும் விடுப்பில் போயிருக்கிறார்.

போன ஞாயிறு ஓரத்து இருக்கை காலியாக இருந்தது. நான் பதிவேட்டில் ‘ஊரில் இல்லை, மகன் வீடு, அடுத்த வெள்ளி திரும்புகிறார்’ என்று எழுதினேன். புதன்கிழமை பாய் விரிக்கும்போது அவரே சொல்லிவிட்டுப் போனார்.